அக்கா பதில்கள்: ஸ்வெட்டர்காரரும் சிடுசிடு நிருபரும்

இரண்டு வாரத்துக்கு முன்னால், 'கடைசியாகப் பார்த்த படம் எது?' என்று ஒருவர் கேட்டிருந்தார். "டாம் ஹாங்க்ஸ் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துகிறவராக வரும் படம். பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரையும் திட்டவில்லை" என்று ஒன்றரை வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு ஆசிரியர், "இந்த வாரம் முழுக்க அதையே எழுதிவிடுங்கள்" என்றார். ஆகவே அரசியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் விடுமுறை. கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரும் தொழிலும் போதும்.

படத்தின் பெயரையே சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! முடிவைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியுமா?
*வங்கி ஊழியர், தஞ்சாவூர்*

'எ பியூட்டிஃபுல் டே இன் தி நெய்பர்ஹுட்'. 2019இல் வந்தது. இயக்கியவர் மாரியல் ஹெல்லர் என்ற பெண்.

லாயிட் வோகல் என்று ஒரு நிருபர். நியூயார்க்கில் ஒரு பெரிய பத்திரிகையில் வேலை. யாரைப் பற்றி எழுதினாலும் தோலை உரித்துத் தொங்கவிடுகிற ஆள். கைக்குழந்தை, பொறுமையான மனைவி, பல வருடமாகப் பேசாத அப்பா. தங்கை கல்யாணத்தில் அந்த அப்பாவோடு கைகலப்பாகி மூக்கு உடைகிறது. அந்த மூக்கோடு அலுவலகம் போனால், ஆசிரியர் அம்மா ஒரு வேலை கொடுக்கிறார்: ஹீரோக்களைப் பற்றி ஒரு சிறப்பிதழ், நீ மிஸ்டர் ரோஜர்ஸைப் பற்றி நானூறு வார்த்தை எழுது. குழந்தைகளுக்குப் பொம்மை காட்டுகிறவரைப் பற்றி நானா என்று லாயிடுக்கு எரிகிறது. வீட்டில் சொன்னால் மனைவி, "தயவுசெய்து என் குழந்தைப் பருவத்தைக் கெடுத்துவிடாதே" என்கிறாள். அவள் அந்த நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவள்.

பிறகு லாயிட் பிட்ஸ்பர்க் போகிறான், ரோஜர்ஸைப் பார்க்கிறான். இவன் கேள்வி கேட்கிறான், அவர் பதிலுக்குக் கேள்வி கேட்கிறார். சின்ன வயதில் உங்களுக்குப் பிடித்த பொம்மை எது? அப்பாவோடு என்ன தகராறு? பேட்டி எடுக்கப் போனவனே பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிடுகிறான். கதை அவ்வளவுதான். இதை ஏறக்குறைய நூற்றுப்பத்து நிமிடம் கொட்டாவி விடாமல் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

அந்த நிருபர் நிஜமாகவே இருந்தவரா?
*கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

பாதி நிஜம். டாம் ஜூனோட் என்பவர் 1998 நவம்பரில் 'எஸ்கொயர்' பத்திரிகையில் ரோஜர்ஸைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 'கேன் யூ சே... ஹீரோ?' என்று தலைப்பு. அதற்கு முந்தைய வருடம்தான் ஒரு பிரபல நடிகரைப் பற்றி விஷமமாக ஒரு கட்டுரை எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ரோஜர்ஸிடம் போய்ச் சேர்ந்தார் என்பதில்தான் மொத்தப் படமும் நிற்கிறது.

திரைக்கதையில் பெயரை மாற்றச் சொன்னதே ஜூனோட்தான். கல்யாண வீட்டு அடிதடி நடக்கவே இல்லை, அப்பாவின் கதையும் கற்பனை. ஆனால் கேள்வி கேட்டே ஆளை மாற்றிய விஷயம் நிஜம். சுரங்க ரயிலில் பள்ளிப் பிள்ளைகள் ரோஜர்ஸை அடையாளம் கண்டு அவருடைய பாட்டையே பாடுகிற காட்சி உண்டு. சினிமாத்தனத்தின் உச்சம் என்று நினைத்தேன். அது அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. கட்டுரை வந்த பிறகும் ரோஜர்ஸ் சாகும்வரை இருவரும் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேட்டி எடுத்த ஆளோடு அப்புறமும் பேசுகிற நிருபர்களை நான் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடுவேன். என்னை அதில் சேர்க்க முடியாது.

ரோஜர்ஸ் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. அமெரிக்கர்கள் ஏன் இவரைக் கொண்டாடுகிறார்கள்?
*இல்லத்தரசி, கோவில்பட்டி*

எனக்கும் படம் பார்க்கும்வரை அரைகுறையாகத்தான் தெரியும். பார்த்த பிறகு ஒரு வாரம் இதே வேலையாகத் தேடிப் படித்தேன்.

ஃப்ரெட் ரோஜர்ஸ் பென்சில்வேனியா மாநிலத்தில் லாட்ரோப் என்ற சிறிய ஊரில் 1928இல் பிறந்தவர். வசதியான குடும்பம். குண்டுப் பையன், ஆஸ்துமா வேறு, மற்ற பையன்கள் கேலி செய்து துரத்துவார்களாம். கல்லூரியில் இசை படித்தார். பாதிரியாராவதற்குப் படிக்கலாம் என்று இருந்த சமயத்தில் வீட்டுக்குப் புதிதாகத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. அதில் ஒருவர் முகத்தில் இன்னொருவர் பலகாரத்தை எறிந்து விளையாடுவதைப் பார்த்தாராம். இவ்வளவு அருமையான கருவியை இப்படியா பாழாக்குவது என்று வெறுப்பு. அந்த வெறுப்பில்தான் தொலைக்காட்சிக்கே வேலைக்குப் போனார். கவனியுங்கள், இவர் கதையும் கோபத்தில்தான் தொடங்குகிறது.

1954இல் பிட்ஸ்பர்க்கின் கல்வித் தொலைக்காட்சியில் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சிக்குத் திரைக்குப் பின்னால் இருந்து பொம்மை ஆட்டினார். மதிய இடைவேளைகளில் இறையியல் படித்து 1963இல் பிரஸ்பிட்டீரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகராகவும் ஆனார். 1968 பிப்ரவரி 19 முதல் அவருடைய சொந்த நிகழ்ச்சி நாடு முழுக்க ஒளிபரப்பானது. கடைசிப் புது நிகழ்ச்சி 2001 ஆகஸ்டில். முப்பத்து மூன்று வருடம்!

நிகழ்ச்சி தினமும் ஒரே மாதிரி தொடங்கும். கதவைத் திறந்து பாடிக்கொண்டே வருவார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். தோல் ஷூவைக் கழற்றிக் கேன்வாஸ் ஷூ மாட்டுவார். அந்த ஸ்வெட்டர்கள் அவருடைய அம்மா கையால் பின்னியவை. ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேன்வாஸ் ஷூவுக்கும் காரணம் உண்டு. பொம்மையாட்டிய காலத்தில் மேடைக்குப் பின்னால் ஓடும்போது சத்தம் வரக் கூடாது என்று போட ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம் அவர் பேசிய விஷயங்கள். குளியல் தொட்டியில் தண்ணீரோடு நாமும் ஓட்டைக்குள் போய்விடுவோமோ என்று சின்னப் பிள்ளைகள் பயப்படும். நீ போக மாட்டாய் என்று அதற்கு ஒரு பாட்டு. தொட்டி மீன் செத்துப்போனால் சாவு என்றால் என்ன என்று ஒரு நிகழ்ச்சி. அப்பா அம்மா விவாகரத்து வாங்குவது பற்றி ஒரு வாரம் முழுக்க. 1968இல் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்தச் செய்தியைப் பார்த்து மிரண்டுபோன பிள்ளைகளுக்காக ஒரு சிறப்பு நிகழ்ச்சி. நம்மில் எத்தனை பேர் இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசுகிறோம்? "போ, போய்ப் படி" என்போம்.

வார்த்தை விஷயத்தில் படு கறார். ஒரு மருத்துவமனைக் காட்சியில், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையில் காற்றடிக்கும் நர்ஸ் சாதாரண ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லுக்கு வெடிக்க வைப்பது என்றும் பொருள் வரும். பிள்ளை பயந்துவிடும் என்று ரோஜர்ஸ் வசனத்தை மாற்றி மறுபடி ஒலிப்பதிவு செய்ய வைத்தார். நாற்பது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஹீரோயின் யார்? பாட்டு எத்தனை?
*பெயரும் ஊரும் எழுதாதவர்*

சூசன் கெலெச்சி வாட்சன். பாட்டெல்லாம் ஸ்வெட்டர்காரருக்குத்தான்.

இவ்வளவு நல்லவராக ஒருவர் இருக்கவே முடியாது. கேமரா முன்னால் எல்லோரும் நல்லவர்கள்தான். நீங்களுமா ஏமாந்தீர்கள்?
*ஓய்வுபெற்ற தாசில்தார், திருவண்ணாமலை*

ஐயா, லாயிடும் இதே சந்தேகத்தோடுதான் படம் முழுக்க அலைகிறான். திரைக்கு வெளியே இந்த மனுஷன் எப்படி இருப்பான், எங்கே வழுக்குவான் என்று காத்திருக்கிறான். ரோஜர்ஸின் மனைவி ஜோவனிடம், "உயிரோடு இருக்கும் ஒரு மகானைக் கட்டிக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறான். அந்த அம்மாவுக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. அவர் ஒன்றும் குறையே இல்லாதவர் அல்ல, அவருக்கும் கோபம் வரும், அதை எப்படிக் கையாளுவது என்று தினமும் பழகுகிறார், மகான் என்று சொல்லிவிட்டால் நம்மால் எட்டவே முடியாத ஒன்றாக ஆகிவிடுமே என்கிறார். நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்த இடம் இது.

மகான் என்று பட்டம் கொடுத்துப் படத்தை மாட்டி மாலை போட்டுவிட்டால் நமக்கு வேலை மிச்சம். அவர் பிறவியிலேயே அப்படி, நம்மால் ஆகாது என்று போய்விடலாம். அந்த வழியை அந்த அம்மா அடைத்துவிடுகிறார். விடியற்காலையில் எழுந்து பெயர் பெயராகச் சொல்லிப் பிரார்த்தனை. தினமும் நீச்சல். மாமிசம் கிடையாது. சிகரெட், குடி கிடையாது. வருகிற கடிதத்துக்கெல்லாம் பதில். உடல் எடையைக்கூடப் பல வருடம் 143 பவுண்டிலேயே, அதாவது சுமார் 65 கிலோவில் வைத்திருந்தாராம். ஆங்கிலத்தில் 'ஐ லவ் யூ'வின் எழுத்துகளை எண்ணினால் 1, 4, 3. ஆமாம், நம் ஊர்ப் பையன்கள் பேருந்து சீட்டின் முதுகில் பேனாவால் கிறுக்குகிற அதே 143தான்! எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே தோன்றியது. ஆனால் சாந்தம் தானாக ஊறவில்லை, தினமும் சாதகம் செய்து வந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பாடகர் சாதகம் செய்தால் வியக்க மாட்டோம். நல்ல குணத்துக்கும் சாதகம் வேண்டும் என்றால் நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

படத்தில் ஒரு கூடாரக் காட்சி வருகிறது. நிகழ்ச்சிக்காக ஒரு கூடாரத்தை நிறுத்த ரோஜர்ஸ் படாதபாடு படுகிறார். கம்பி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். நிற்கவே மாட்டேன் என்கிறது. நாங்கள் முன்பே நிறுத்தி வைத்துவிடுகிறோம், மறுபடி எடுக்கலாம் என்கிறார்கள் உதவியாளர்கள். வேண்டாம், இதையே போடுங்கள் என்கிறார். பெரியவர்கள் போடுகிற திட்டமும் சொதப்பும் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டுமே என்று காரணம் சொல்கிறார்.

சரி, வழுக்கிய இடமே கிடையாதா? உண்டு, அது படத்தில் இல்லை. ஃபிரான்சுவா கிளெமன்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் அந்த நிகழ்ச்சியில் போலீஸ்காரராக வருவார். கறுப்பர்களோடு ஒரே குளத்தில் நீந்த மாட்டோம் என்று வெள்ளையர்கள் தகராறு செய்த காலம். 1969இல் ரோஜர்ஸ் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு, வெயிலாக இருக்கிறதே, நீங்களும் காலை வையுங்கள் என்று கிளெமன்ஸைக் கூப்பிட்டார். இரண்டு வெள்ளைக் கால், இரண்டு கறுப்புக் கால், துடைக்க ஒரே துண்டு. பிரசங்கம் எதுவும் இல்லை. ஆனால் அதே கிளெமன்ஸ் தன்பாலின ஈர்ப்புள்ளவர். அதை வெளியே சொன்னால் இந்த நிகழ்ச்சியில் இருக்க முடியாது என்று அவரிடம் சொன்னதும் ரோஜர்ஸ்தான். கிளெமன்ஸே இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். வலித்தது என்கிறார், அவர் எனக்கு அப்பா மாதிரி என்றும் சொல்கிறார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்திருக்கிறது.

டாம் ஹாங்க்ஸ் அசல் ரோஜர்ஸ் மாதிரி இருக்கிறாரா?
*போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், கரூர்*

முகத்தில் இல்லை. நரைத்த விக்கும் ஸ்வெட்டரும் தவிர ஒப்பனை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த நிதானம்! ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நாம் போய் ஒரு காபி போட்டுவிட்டு வரலாம். துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, பரிசு பிராட் பிட்டுக்குப் போனது. அவர் துணை நடிகர் என்பது சரிதான். நாயகன் லாயிடாக வரும் மாத்யூ ரைஸ். ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்க்கும் அந்த முகத்தை நான் எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன், சில சமயம் கண்ணாடியிலும்.

கொசுறு: படம் வந்த சமயத்தில் வம்சாவளி ஆராய்ந்தவர்கள் ஹாங்க்ஸும் ரோஜர்ஸும் தூரத்துச் சொந்தக்காரர்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஹாங்க்ஸுக்கே அப்போதுதான் தெரியும்.

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?
*நர்ஸ், சிவகாசி*

பார்க்கலாம், தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள். இது குழந்தைகள் நிகழ்ச்சி மாதிரி எடுத்த பெரியவர்கள் படம். ஆரம்பத்தில் திரை பழைய தொலைக்காட்சி மாதிரி சதுரமாகச் சுருங்கிவிடும். ரோஜர்ஸ் வந்து, கதவு வைத்த ஒரு பலகையைக் காட்டி ஒவ்வொரு கதவாகத் திறப்பார். ராஜா பொம்மை ஒன்றில், இன்னொருவர் இன்னொன்றில். கடைசிக் கதவுக்குள் மூக்கில் ரத்தத்தோடு லாயிடின் போட்டோ. "இவர் என் நண்பர், இவரை யாரோ காயப்படுத்திவிட்டார்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில் நம்மிடம் சொல்வார். தூக்கிவாரிப் போட்டது.

இன்னொன்று: நியூயார்க், பிட்ஸ்பர்க் நகரங்களைத் தூரத்தில் காட்டும்போதெல்லாம் நிஜ ஊரைக் காட்டாமல் சின்னச் சின்ன பொம்மை வீடு, பொம்மைக் கார், பொம்மை விமானமாகக் காட்டுகிறார்கள். கொலுவில் கீழே பார்க் கட்டுவோமே, ரோடு போட்டு, ரயில் விட்டு, அப்படி. அதைப் பிள்ளைகள் ரசிப்பார்கள்.

இரண்டு நாள் யாரையும் திட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் காட்சி அப்படிச் செய்தது?
*தையல் கடை நடத்துபவர், மேலூர்*

ஒரு சீன உணவகம். ரோஜர்ஸும் லாயிடும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். லாயிட் உடைந்துபோயிருக்கிறான். ரோஜர்ஸ், "நாம் இரண்டு பேரும் ஒரு நிமிடம் சும்மா இருப்போம். உங்களை நேசித்து நேசித்தே உங்களை இந்த ஆளாக ஆக்கியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். என்னால் முடியாது என்கிறான் அவன். ஒரே நிமிடம்தான் என்கிறார்.

நிஜமாகவே ஒரு நிமிடம் படம் நிற்கிறது. தட்டுச் சத்தம் குறைகிறது. பக்கத்து மேசைக்காரர்களும் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் நிஜ ஜோவன் ரோஜர்ஸும், அந்த நிகழ்ச்சியில் வேலை பார்த்த நிஜ மனிதர்கள் சிலரும் உண்டு. பிறகு டாம் ஹாங்க்ஸ் மெல்லத் திரும்பி நேராக நம்மைப் பார்க்கிறார். நீயும்தான், என்ன பார்க்கிறாய், நினை என்கிற மாதிரி.

இதைத் திரைக்கதைக்காரர்கள் காற்றில் இருந்து எடுக்கவில்லை. 1997இல், அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் எம்மி விருது மேடையில் வாழ்நாள் சாதனை விருது வாங்கும்போது, நகையும் பட்டுமாக உட்கார்ந்திருந்த நட்சத்திரக் கூட்டத்திடம் ரோஜர்ஸ் இதையே கேட்டார். அங்கே பத்து விநாடி. "நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர்கள் பத்தாவது விநாடிக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மகள் வீட்டில் அவளுடைய லேப்டாப்பில், மடியில் அரிவாள்மனைக்குப் போக வேண்டிய கொத்தவரங்காயோடு இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் அம்மாதான் நினைவுக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மதுரையில் தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்த டீச்சர் வந்தார். எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவுக்கு மில் வேலை போய்விட்டது, இனி ஃபீஸ் கட்ட முடியாது, நாளை முதல் வரமாட்டேன் என்று சொல்லப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மத்தியானம் ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் மிஷின் சும்மாதான் கெடக்கு. துருப்பிடிச்சா நீதான் எண்ணெய் வாங்கித் தரணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்த மிஷினில் பழகிய விரல்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. நாற்பத்தைந்து வருடத்தில் அவரை நான் இத்தனை தெளிவாக நினைத்ததில்லை, மூக்குத்தியின் ஒரு கல் விழுந்திருந்தது உட்பட.

கொத்தவரங்காய் அப்படியே இருந்தது. "ஏம்மா அழுற?" என்றாள் மகள். சீன ஹோட்டல் காட்சி என்றேன்.

பத்திரிகைக்காரர்கள் என்றாலே சினிமாவில் மோசமானவர்கள்தானா? உங்களுக்குக் கோபம் வரவில்லையா?
*பகுதிநேர நிருபர், ராமநாதபுரம்*

வரவில்லை தம்பி, ஏனென்றால் லாயிட் மோசமானவன் இல்லை. தன்னுடைய காயத்தையே தராசாக வைத்துக்கொண்டு எல்லோரையும் நிறுக்கிறான், அதுதான் அவன் சிக்கல். அப்பா பொய்யன், அதனால் உலகத்தில் எல்லோரும் பொய்யர்கள், அதைக் கண்டுபிடிப்பது என் தொழில். இந்தத் தொழிலில் இது சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் நோய். எனக்கும் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஹார்மோனியம் வாசித்த ஒரு பெரியவரைப் பேட்டி எடுக்கப் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தன்னைப் பற்றி ஏராளமாகப் பெருமை பேசினார். அந்த ராஜபார்ட் என்னைத்தான் கேட்பார், இந்த ஸ்திரீபார்ட் நான் இல்லாமல் மேடை ஏற மாட்டார் என்று. பேசும்போது பல்செட் நழுவும், நாக்கால் தள்ளிக்கொள்வார். எனக்கு அன்று என்ன எரிச்சலோ! கட்டுரையில் அவர் பெருமையை எல்லாம் அப்படியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தப் பல்செட்டையும் வைத்தேன். அலுவலகத்தில் கைதட்டினார்கள். இப்போது யோசித்தால், கட்டுரையில் ஹார்மோனியத்தைப் பற்றி நாலு வரிகூட இல்லை.

ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "போட்டோ நன்றாக வந்திருக்கிறது. பத்து பிரதி வாங்கி உறவுக்காரர்களுக்குக் கொடுத்தேன். மகாலட்சுமி மாதிரி இருக்க வேண்டும் அம்மா." நக்கல் அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பதில் போடவில்லை. என்னவென்று போடுவது?

படத்தில் லாயிட் முதன்முதலாகத் தொலைபேசியில் பேசும்போது ரோஜர்ஸ், "இந்த நிமிடத்தில் எனக்கு உலகத்திலேயே முக்கியமான வேலை உங்களோடு பேசுவதுதான்" என்று சொல்வார். நிருபருக்கு யாராவது இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது 'முதல் பத்தியிலேயே ஆளைக் குத்து' என்பது.

ஒரேயடியாகப் புகழ்கிறீர்களே, குறையே கிடையாதா?
*மருந்துக்கடை ஊழியர், விழுப்புரம்*

இருக்கிறது. நடுவில் லாயிட் ஒரு கனவு காண்கிறான். பொம்மை நிகழ்ச்சிக்குள் சுருங்கிப் போய், முயல் காது முளைத்து... எனக்கு ஒட்டவில்லை, எப்போது எழுந்திருப்பான் என்று இருந்தது. அப்பாவை மன்னிக்கிற விஷயமும் கொஞ்சம் சுலபமாக முடிகிறது. அப்பா படுக்கையில் விழுந்துவிடுகிறார். சாகப்போகிறவரை மன்னிப்பது அவ்வளவு கஷ்டமா? நல்ல ஆரோக்கியத்தோடு, தினமும் பக்கத்து அறையில் செய்தி சேனலைச் சத்தமாக வைத்துக்கொண்டு இன்னும் இருபது வருடம் இருக்கப்போகிற அப்பாவை மன்னிக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம். கிறிஸ் கூப்பர் அந்த அப்பாவாக நடித்திருப்பதால் தப்பித்தார்கள்.

அப்புறம் அந்த மனைவி. கைக்குழந்தையோடு தனியாக அல்லாடுகிறவள் அவள். நிமிடம் ஒதுக்கி ஆறுதல் கிடைப்பதெல்லாம் அவனுக்கு.

எனக்குக் கோபம் அதிகம் வருகிறது. பிள்ளைகளை அடித்துவிட்டு அழுகிறேன். இந்தப் படத்தில் எனக்கு ஏதாவது இருக்கிறதா?
*ஊர் வேண்டாம் என்று எழுதிய அம்மா*

இருக்கிறது. கோபமே வராத ஆள் என்று ரோஜர்ஸ் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. யாரையும் புண்படுத்தாமல் அதை வெளியே விட வழி உண்டு என்கிறார்: களிமண்ணைப் போட்டுப் பிசையலாம், வேகமாக நீந்தலாம், பியானோவின் இடது பக்கத்துக் கட்டைகளை எல்லாம் ஒரே சமயத்தில் அடிக்கலாம். படத்தின் கடைசியில் எல்லோரும் போன பிறகு காலியான ஸ்டுடியோவில் தனியாகப் பியானோ வாசித்துக்கொண்டிருப்பவர் திடீரென்று அந்தக் கட்டைகளை 'தடாம்' என்று அடிப்பார். அப்புறம் அமைதியாக வாசிப்பைத் தொடர்வார். ஏன் என்று படம் சொல்லாது. எனக்குப் புரிந்தது, உங்களுக்கும் புரியும்.

1969 மே 1இல் அமெரிக்க செனட் குழு முன்னால், பொதுத் தொலைக்காட்சிக்கான 2 கோடி டாலர் நிதியை வெட்டக் கூடாது என்று பேசப் போனார் ரோஜர்ஸ். தலைவர் ஜான் பாஸ்டோர் என்ற கடுகடுப்பான செனட்டர். ரோஜர்ஸ் ஆறு நிமிடம் போலப் பேசினார், கடைசியில் தன் பாட்டு ஒன்றின் வரிகளை ராகமில்லாமல் சொல்லிக்காட்டினார். ஆத்திரம் வரும்போது அதை என்ன செய்வது என்று ஒரு குழந்தை கேட்ட கேள்விதான் அந்தப் பாட்டின் முதல் வரி. அடிக்கக் கை ஓங்கியவன் நடுவில் நிறுத்திக்கொள்ள முடிவது எவ்வளவு நல்ல உணர்வு என்று பாட்டு போகும். கேட்டு முடித்த பாஸ்டோர், 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் என்றார்.

வீட்டில் பியானோ இருக்காது. சப்பாத்தி மாவு இருக்கும். பிசையுங்கள். அடித்துவிட்ட நாளில், "அம்மா செய்தது தப்பு" என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், கூடாரம் விழுந்த மாதிரிதான். அதற்கு மேலும் அடங்கவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். போனால் பைத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்கு எழுதுங்கள், அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு இன்னும் நாள் மிச்சம் இருக்கிறது.

ரோஜர்ஸ் எல்லாக் கடிதங்களுக்கும் பதில் போடுவாராமே. நான் உங்களுக்கு ஏழு கடிதம் போட்டிருக்கிறேன். இது எட்டாவது.
*மளிகைக் கடைக்காரர், பழனி*

மாட்டிக்கொண்டேன். வாரத்துக்கு வருகிறதில் பத்துக்கு ஒன்றுகூட இந்தப் பக்கத்தில் ஏறாது. மீதி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போகும், கூடை நிரம்பினால் பரணுக்கு. போன வாரம் இறக்கி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் காபிக்கு முன்னால் ஐந்து அஞ்சலட்டை என்று கணக்கு. இதுவரை முப்பத்தொன்று எழுதியிருக்கிறேன், கை வலிக்கிறது. உங்கள் ஏழில் நாலு கிடைத்தது, நாலிலும் கடைப் பெயர் இருக்கிறது, தெருப் பெயர் இல்லை. எழுதி அனுப்புங்கள்.